எந்திரத்துக்கு வேலி வந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. குடவாசலிலும் சுற்றுவட்டாரத்திலும் லேத், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு இல்லாத வீடு நம் பக்கத்தில் இல்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகப் பித்தளையில் வார்த்து, கடைந்து, மரை போட்டு முறுக்கிச் சேர்ப்பார்கள். மோட்டார் வராத காலத்தில் கடைசல் என்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் சுற்றுவார், இன்னொருவர் உளி பிடிப்பார். உளி பிடித்தவரின் துண்டு சிக்கினால் சுற்றுகிறவர் கையை விட்டுவிடுவார், அத்தோடு சரி. அந்த எந்திரத்துக்குக் கண் இருந்தது, காது இருந்தது. மோட்டாருக்கு இரண்டும் கிடையாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். (கணக்கு வாத்தியார் புத்தி போகாது!) லேத் நிமிஷத்துக்கு 500 சுற்று சுற்றினால் நொடிக்கு 8 சுற்றுக்கு மேல். ஆபத்தைக் கண்டு மனிதன் கையை இழுக்கக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் 2 சுற்று முடிந்துவிடும். 4 அங்குல உருளையில் 2 சுற்று என்றால் ஏறத்தாழ 2 அடித் துணி உள்ளே போயிருக்கும். 2 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 20 ஆள் பலத்தில் இழுக்கும். நம் கை எந்த மூலைக்கு?

இந்தக் கணக்கை முதலில் ரத்தத்தில் கற்றுக்கொண்டது இங்கிலாந்து. நீராவி எந்திரம் ஒன்று ஓட, கூரையை ஒட்டி நீளமான தண்டு சுழல, அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் ஓட்டும். நம் பழைய ரைஸ் மில்லில் பார்த்திருப்பீர்களே, அதே ஏற்பாடுதான். தன் எந்திரத்தை நிறுத்த வேண்டுமானால் தொழிலாளி பெல்ட்டைப் பக்கத்தில் சும்மா சுற்றும் கப்பிக்குத் தள்ளிவிட வேண்டும். மேலே தண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். சில நேரம் பெல்ட் தானாக நகர்ந்து பழைய கப்பிக்கே வந்துவிடும். நின்ற எந்திரம் திடீரென்று ஓடும். 1844இல் அந்த நாட்டுச் சட்டம், ஆபத்தான பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்றது. முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1855இல் அதை எதிர்க்கவே சங்கம் கட்டினார்கள். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகை, அது தொழிலாளரைச் சிதைப்பதற்கான சங்கம் என்று கிண்டல் செய்தது.

நம் பக்கத்துக்கு இந்தச் சக்கரங்கள் ரயிலோடு வந்தன. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் ரயில் ஓடியது, அடுத்த வருஷம் திருச்சி வரை. நாகையிலேயே ரயில் பட்டறையும் இருந்தது. கலப்பைக் கொழு அடித்த கொல்லர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீராவியில் ஓடும் எந்திரத்தைக் கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு டெல்டாவிலேயே வந்தது அப்படித்தான்.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. எந்திரத்துக்கு வேலி போடு, விபத்து நடந்தால் தெரிவி என்று அதில் இருந்தது. ஆனால் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது பொருந்தும். 7 வயசுப் பிள்ளை வேலைக்குப் போகலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை! 1891இல் அந்த 100 என்பது 50 ஆனது. 1922இல் 20. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் வருஷச் சட்டத்தில், மின்சாரம் போன்ற விசை இருந்தால் 10. இப்படி எண் குறையக் குறைய, சின்னப் பட்டறைகளும் சட்டத்துக்குள் வந்தன. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது இந்த இறங்குவரிசைதான். ஆனால் 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்பு அந்த 10ஐ மறுபடி 20 ஆக்கியது. ஏறுவரிசை ஏன் என்று எனக்குப் புரியவில்லை. 10 பேர் வேலை செய்யும் இடத்தில் சக்கரம் மெதுவாகவா சுற்றும்?

நடுவில் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் அதில் பட்டியல் உண்டு. இன்றைய பட்டியலில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. படிக்கும்போது யாரும் தன் கையை ஒரு தடவை பார்க்காமல் இருக்க முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள். பாதுகாப்புக்கு வைத்த மூடியைத் தொழிலாளி தெரிந்தே கழற்றி, அதனால் விரல் போனால் இழப்பீடு கேட்க முடியாது.

நாகை பட்டறை பிறகு திருச்சி பொன்மலைக்குப் போனது. அந்த மாற்றத்தையொட்டித் தேர்வு வைத்து ஆட்குறைப்பு செய்யப் பார்த்ததில்தான் 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலர் அதில் சிறைக்குப் போனார். அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

1948 சட்டத்துக்கு வருவோம். ஓடும் எந்திரத்தின் பக்கத்தில் எண்ணெய் விட, பெல்ட் மாட்டப் போகிறவர் அதற்கென்று பயிற்சி பெற்றவராக, உடம்பை ஒட்டிய உடை போட்டவராக இருக்க வேண்டும், அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். வேட்டியும் தோளில் துண்டுமாக வேலை செய்த நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய வரி! பெல்ட் தானாக நகராமல் பூட்டிவைக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் ஐ.டி.ஐ.க்களில் இதையெல்லாம் பாடமாகவே நடத்தினார்கள். அங்கே படித்து 1965க்குப் பிறகு திருச்சி பெல் போன்ற பெரிய ஆலைகளுக்குப் போனவர்கள் அந்தப் பழக்கத்தோடு போனார்கள்.

நம் ஊர்ப் பட்டறை அப்படியா? முதலாளி ஒருவர், பையன்கள் இரண்டு பேர். எந்தச் சட்டத்தின் எண்ணிக்கையிலும் வராத இடம். தை, மாசி அறுவடையில் டிராக்டர் கேஜ் வீல் உடைந்து வரும், அறுவடை எந்திரத்தின் தண்டு தேய்ந்து வரும், விடிவதற்குள் வேண்டும் என்பார்கள். தூக்கக் கண்ணோடு லேத் ஓடும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் ஒரு பையனின் இரண்டு விரல்கள் அப்படித்தான் போயின. கையுறை போட்டிருந்தான். பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டதுதான் அவனை உள்ளே இழுத்தது. வெல்டிங்குக்குக் கையுறை வேண்டும். சுற்றும் லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் கூடவே கூடாது. கோவில் கயிறு, மோதிரம், தொங்கும் சங்கிலி எல்லாம் அதே கணக்குத்தான். சாமி கோபிக்காது, கழற்றி ஆணியில் மாட்டுங்கள்.

சக் சாவியை முறுக்கியதும் கையோடு எடுத்துவிட வேண்டும். மறந்து மோட்டாரைப் போட்டால் அது எறிகல்லாகப் பறக்கும். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கிக் கம்பியால், அதுவும் எந்திரம் நின்ற பிறகு. 4 அங்குலக் கை கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். மூடியைக் கழற்றிவிட்டு அதில் 7 அங்குல டிஸ்க் மாட்டுகிறார்கள். அந்த டிஸ்க் ஏறக்குறைய 8,500க்குத்தான் செய்யப்பட்டது. எவ்வளவு சுற்று தாங்கும் என்று டிஸ்க்கிலேயே அச்சடித்திருக்கும், ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

இந்தத் தையில் புதுப் பட்டறை திறக்கப்போகும் தம்பிக்கு ஒரு வார்த்தை. சுவிட்சை லேத்துக்குப் பின்னால் சுவரில் வைக்காதே. எரிகிற எந்திரத்தைத் தாண்டி கையை நீட்டி அணைக்க முடியாது. நின்ற இடத்திலிருந்தே இடது கை எட்டும்படி, தட்டினால் நிற்கும் சிவப்புப் பொத்தானாக வை. எலக்ட்ரீஷியன் என்றைக்கு வருகிறார் என்று சொல், நானும் வந்து நிற்கிறேன்.