கூட்டாளி தேடிய வரைபடம்

1860-ஆம் ஆண்டின் பிற்பகுதி. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைச்சரிவில் டச் ஃபிளாட் என்ற தங்கச் சுரங்க ஊர். அங்கே டேனியல் ஸ்ட்ராங்கின் மருந்துக்கடையில் உட்கார்ந்து, ரயில் பொறியாளர் தியோடர் ஜூடா ஒரு வரைபடம் தீட்டினார். இரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே நீளும் ஒரே முகடு. அதைப் பிடித்துக்கொண்டால், ஏறி இறங்கி மறுபடி ஏறும் பாடில்லாமல், சுமார் 7,000 அடி உயர டோனர் கணவாய்க்கு ரயில் போய்விடலாம். மைலுக்கு 105 அடிக்கு மேல் ஏற்றம் வராது என்பது அவர் கணக்கு.

கண்டம் கடக்கும் ரயிலைப் பற்றியே கனவு கண்ட அவரை ஊர் பைத்தியக்கார ஜூடா என்றது. இப்போது கையில் வழி இருந்தது, பணம் இல்லை. கம்பெனியைப் பதிவு செய்யவே மைலுக்கு 1,000 டாலர் பங்கு சேரவேண்டும், அதில் பத்து சதவீதம் ரொக்கமாக வேண்டும் என்றது மாநிலச் சட்டம். மாநில எல்லை வரையோ 115 மைல். மலையூர்க்காரர்கள் முடிந்ததை எழுதிக்கொடுத்தார்கள். மிச்சத்துக்கு வரைபடம் சான் ஃபிரான்சிஸ்கோ போனது. பெரும் பணக்காரர்கள் விரித்துப் பார்த்தார்கள். பிறகு கையையும் விரித்துவிட்டார்கள்.

அடுத்து சாக்ரமெண்டோ. கே தெருவில் ஹண்டிங்டனும் ஹாப்கின்ஸும் மண்வெட்டி, வெடிமருந்து விற்ற இரும்புக்கடையின் மாடி. மளிகை வியாபாரி ஸ்டான்ஃபோர்டும் துணி வியாபாரி குரோக்கரும் வந்தார்கள். வரைபடம் அதேதான், பேச்சுதான் மாறியது. கண்டம் கடக்கும் கனவை ஜூடா பின்னுக்குத் தள்ளினார். நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு இதே வழியில் வண்டிப் பாதை போட்டால் சரக்குப் போக்குவரத்து யார் கைக்கு வரும் என்று கேட்டார். கடைக்காரர்களுக்கு அது புரிந்தது. ஆளுக்கு 150 பங்கு. முன்பணம் 1,500 டாலர். 1861 ஜூன் 28-இல் சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனி பிறந்தது.

அக்டோபரில் வரைபடம் கப்பலேறி, பனாமா வழியாக வாஷிங்டன் சேர்ந்தது. 1862 ஜூலை 1-இல் லிங்கன் ரயில் சட்டத்தில் கையெழுத்திட்டார். மலைப்பகுதியில் மைலுக்கு 48,000 டாலர் அரசுக் கடன்பத்திரம் கிடைக்க வழி பிறந்தது.

பணம் வரும் வழி தெரிந்ததும் கடைக்காரர்கள் நால்வரோடு பிணக்கும் வந்தது. அவர்களின் பங்கை வாங்க வேறு முதலாளிகளைத் தேடி, 1863-இல் ஜூடா நியூயார்க்குக்குக் கப்பலேறினார். பனாமாவில் மஞ்சள் காய்ச்சல் தொற்றியது. நவம்பர் 2-ஆம் தேதி, 37 வயதில் போய்ச்சேர்ந்தார். முதல் தண்டவாளம் பதிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது.

அவர் கோடிட்ட முகட்டை ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் வெட்டிப் பாதையாக்கினார்கள். 1869 மே 10-இல் இந்தப் பாதையும் கிழக்கிலிருந்து வந்த பாதையும் புரோமாண்டரியில் சேர்ந்தன. ஜூடாவும் அவர் மனைவி அன்னாவும் மணம் முடித்த நாளும் மே 10. முதல் போட்ட நால்வர் பெயரும் ஊரறிய நிலைத்தது. வழி கண்டவரின் பெயரையும் அதே மூச்சில் சொல்வதுதான் நியாயம்.