பெலிண்டா கேட்ட கூலி

பழைய மாளிகையைக் காட்டுகிறவர்கள் தூணையும் மாடியையும் மரவேலைப்பாட்டையும் காட்டுவார்கள். கட்டியவர் பெயர் வாசலில் இருக்கும். கூட்டிப் பெருக்கியவர் பெயர் எங்கும் இருக்காது. அந்த வழக்கத்தைக் கைவிட்ட ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு அருகே மெட்ஃபர்டு நகரில் ராயல் இல்லம் நிற்கிறது. ஆண்டிகுவா தீவின் கரும்புத் தோட்டத்தில் பணம் சேர்த்த ஐசக் ராயல், 1732இல் இந்தப் பண்ணையை வாங்கினார். இருந்த வீட்டை மூன்று மாடி மாளிகையாக விரித்தார். 1737இல் குடும்பத்தோடு இங்கே வந்தபோது 27 அடிமைகளையும் கொண்டுவந்தார். மாளிகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்களுக்கென்று தனிக் கட்டடம் எழுந்தது. அமெரிக்காவின் வடபகுதியில் இன்றும் தனித்து நிற்கும் அடிமைக் குடியிருப்பு என்று அறியப்படுவது இது ஒன்றுதான். அடிமைமுறை தெற்கத்திக்காரர்களின் பாவம், வடக்கு விடுதலையின் மண் என்று சொல்லிவந்த கதைக்கு அந்தச் செங்கல் சுவரே மறுப்பு.

அங்கே உழைத்தவர்களில் ஒருவர் பெலிண்டா. ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே பிடித்துச் செல்லப்பட்டவர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ராயல் குடும்பத்துக்கு ஊதியமின்றி உழைத்தார். 1775இல் விடுதலைப் போர் மூண்டபோது, மகன் ஐசக் ராயல் வெளியேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். சொத்து அரசின் பொறுப்புக்கு வந்தது. முதுமையில் கையில் காசின்றி நின்ற பெலிண்டா, 1783 பிப்ரவரியில் மாநிலச் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார். எழுதத் தெரியாதவர், பெயருக்குப் பக்கத்தில் கைக்குறி இட்டார்.

அந்த மனுவை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். அது இரக்கத்தை மட்டும் நம்பவில்லை. இந்தச் சொத்து என் உழைப்பாலும் சேர்ந்தது, ஆகவே அதில் எனக்கு உரிமை உண்டு என்று வாதாடுகிறது. ராயல் சொத்திலிருந்து ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் தரச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பணம் ஒழுங்காக வரவில்லை. அவர் மறுபடியும் மறுபடியும் மனுப் போட வேண்டியிருந்தது. உரிமையை ஏட்டில் ஏற்பதற்கும் கையில் கொடுப்பதற்கும் உள்ள தூரம் நமக்குப் புதிதல்ல.

அதே ராயலின் சொத்து இன்னொரு பக்கம் தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. அவர் உயிலில் ஹார்வர்டுக்கு எழுதிவைத்த நிலத்தின் பணத்தில் 1815இல் சட்டப் பேராசிரியர் பதவி உருவானது. 1817இல் சட்டக் கல்லூரி பிறந்தது. ராயல் குடும்பச் சின்னமான மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகள் கல்லூரியின் கேடயத்தில் ஏறின. மாணவர்கள் போராடிய பிறகே, 2016இல், அந்தக் கேடயம் கைவிடப்பட்டது.

இல்லமும் நெடுங்காலம் ராயலின் பெருமையையும் விடுதலைப் போர்த் தளபதிகளின் பெருமையையுமே பேசியது. இந்த நூற்றாண்டில்தான் அதன் நிர்வாகம் பெயரை ‘ராயல் இல்லமும் அடிமைக் குடியிருப்பும்’ என்று மாற்றி, பெலிண்டாவின் மனுவைக் கதையின் நடுவில் வைத்தது. கட்டடம் அதேதான், கேள்வி மாறியது.

1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படி தமக்கு வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். அங்கே எழுதப்பட்ட மனுவில் இங்குள்ளவர்களுக்கும் வேலை இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே மாணவத் தோழர்களே, எந்த மாளிகைக்குப் போனாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கட்டக் காசு எங்கிருந்து வந்தது? வேலை செய்தவர்கள் எங்கே படுத்தார்கள்? அவர்கள் கொடுத்த மனு எந்த அலமாரியில் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை தேட ஆவணக் காப்பகத்துக்குள் நாம்தான் நுழைய வேண்டும்.