குறி பிசகாத கைகள்: பஸ்ரா முதல் ஆற்காடு வரை

மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் நோக்கிச் செல்லும் சாலையில் காலை வேளையில் நின்றால், சரக்கு லாரிகளின் இரைச்சலைத் தாண்டிப் 'புல்லட்' வண்டியின் ஓசை கேட்கும். அதன் எண்ணெய்க் கலத்தில் 'ராயல் என்ஃபீல்டு' என்று எழுதியிருப்பதை நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆயினும் அந்தப் பெயர் வண்டியால் பிறந்ததன்று. இங்கிலாந்தின் என்ஃபீல்டு என்னும் ஊரில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு நுண்ணிய உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்த நிறுவனமே பின்னர் அப்பெயரைத் தன் வண்டிகளுக்குச் சூட்டிக்கொண்டது. ஆக, நாள்தோறும் நம் தெருவில் ஓடுவது ஒரு துப்பாக்கியின் பெயர்.

அந்தப் பெயருக்கும் நம் சமுதாயத்துக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1857ஆம் ஆண்டின் பெரும் எழுச்சிக்கு உடனடிப் பொறியாக அமைந்தவை என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறைகள். அவற்றில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாகப் பரவிய செய்தி இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவரையும் ஒருசேரக் கொதிக்க வைத்தது. இது பாடநூல்களில் உள்ள செய்தி. அதே துப்பாக்கியின் முதுகில் அமர்ந்திருந்த சிறு இரும்பு ஏணியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாம் இன்று பேச விழைவது அதைப் பற்றியே.

1853ஆம் ஆண்டின் மாதிரியான அத்துப்பாக்கியில், பின்குறி ஏணி வடிவில் அமைந்திருந்தது. அருகிலுள்ள இலக்கிற்கு அதைப் படுக்க வைத்துப் படிப்படியாக உயர்த்தலாம். தொலைவிலுள்ள இலக்கிற்கு நிமிர்த்தி, நகரும் சட்டத்தை 900 கெஜம் வரையிலான கோடுகளில் நிறுத்தலாம். எதற்காக இந்த ஏற்பாடு? குண்டு நேர்கோட்டில் செல்வதில்லை; வெளிவந்த கணம் முதலே மண்ணை நோக்கி வளைகிறது. கண்ணின் பார்வையோ நேர்கோடு. வளைவும் நேர்கோடும் குறித்த தொலைவில் சந்திக்குமாறு செய்வதே குறிகாட்டியின் முழு வேலை. அந்தச் சந்திப்பைச் சுட்டுப் பார்த்து உறுதி செய்வதைப் படையினர் 'ஜீரோ செய்தல்' என்பர்.

பார்வையின் நேர்கோடு என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அதை நிறுவியவர் யார்? கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாக யூக்ளிடும் தாலமியும் கருதினர். ஏறத்தாழ 965இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று வாதிட்டார். வாதத்தோடு நில்லாமல், இருட்டறையின் துளைக்கு எதிரே விளக்குகளை வரிசையாக வைத்தார். ஒன்றை மறைத்தபோது அதற்குரிய ஒளிப்புள்ளி மட்டுமே மறைவதைக் காட்டினார். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசெல் நகரில் அச்சேறியது.

அவர் காலத்திற்கு முன்பே, 'அஸ்துர்லாப்' என்னும் வானளவைக் கருவியில் இரு முனைகளிலும் துளையிட்ட ஒரு சுழல் சட்டம் இருந்தது. இரு துளைகள் வழியாகவும் ஒரு விண்மீன் தெரிந்தால் சட்டம் அதனை நேராகச் சுட்டுகிறது என்று பொருள். தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் கணிக்க முன்னோர் இதைக் கையாண்டனர். அரபியில் அதன் பெயர் 'அல்-இளாதா'. இன்று பாலிடெக்னிக்கில் நில அளவை பயிலும் நம் பிள்ளை 'அலிடேட்' என்று சொல்லிப் பிடிப்பது அந்தச் சொல்லைத்தான். துப்பாக்கியின் முன்குறியும் பின்குறியும் செய்வது அதே வேலை: இரு புள்ளிகளால் ஒரு கோட்டை நிறுத்துதல்.

இங்கே நம்மை நாமே அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர் நாமே' என்று மேடையில் முழங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தொலைநோக்கியை இப்னுல் ஹைதம் செய்யவில்லை. 1608இல் அதற்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தவர் ஹாலந்துக் கண்ணாடித் தொழிலாளர் ஹான்ஸ் லிப்பர்ஷே. இல்லாத பெருமையைச் சேர்ப்பதும் குறி பிசகுவதே. உள்ள பெருமையை அறியாமல் விடுவதும் அவ்வாறே.

அறியாமல் விட்ட பெருமை ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, வில்லியம் லாம்ப்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவருடைய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. அதன் தொலைநோக்கிதான் குறிகாட்டி. அதைத் தாங்கும் பித்தளை வட்டமும் அச்சுமே பிடிமானம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அதை ஏற்றுகையில் கயிறு அறுந்து, வட்டம் நசுங்கியது. லாம்ப்டன் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் இருந்து அதைச் சீர்செய்தார். தொலைநோக்கி எத்தனை தெளிவாக இருந்தாலும், அது அமர்ந்த வட்டம் கோணினால் காட்டுவதெல்லாம் பொய்யாகிவிடும்.

அத்தகைய கருவிகளைப் பேணும் கைகள் அளவைத் துறைக்குத் தேவைப்பட்டன. சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆற்காட்டுக்காரர் ஒருவரின் நுட்பத்தை வாலன்டைன் பிளாக்கர் கண்டறிந்தார். தாம் சர்வேயர் ஜெனரலாகக் கல்கத்தா சென்றபோது அவரையும் துறைப்பணிக்கு அழைத்துக்கொண்டார். அவரே சையித் மீர் முஹ்சின் ஹுசைன். அங்கே ஹென்றி பாரோ என்னும் ஆங்கிலேயக் கருவியாளரின் கீழ் அவர் பணியாற்றினார். பாரோ விலகிய பின், பெரிய வட்டக் கருவிகளைச் செப்பனிடும் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. ஜார்ஜ் எவரெஸ்ட் இவர் திறமையை வெளிப்படையாகப் போற்றினார். 1843இல் கணிதக் கருவியாளர் என்னும் பதவி இவருக்குக் கிடைத்தது. அதுவரை ஐரோப்பியர் வகித்த பதவி அது. எவரெஸ்ட்டின் பெயர் உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் மேல் இருக்கிறது. முஹ்சின் ஹுசைனின் பெயர் ஆற்காட்டிலேயே எத்தனை வீடுகளில் தெரியும்?

மீண்டும் துப்பாக்கிக்கு வருவோம். சாதாரணக் குறிகளில் கண்ணுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தொலைவுகளில் இருக்கின்றன. கண்ணால் ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் தெளிவாகக் காண முடியும். தொலைநோக்கி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது: இலக்கின் பிம்பமும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் விழுமாறு அமைக்கப்படுகின்றன. ஆனால் வேறொரு சிக்கல் பிறக்கிறது. குழலோடு பிறந்த உறுப்பன்று தொலைநோக்கி. வெளியிலிருந்து வந்து அமர்வது. அதைத் தாங்கும் இரு வளையங்களுக்கு இடையே 100 மில்லிமீட்டர் இடைவெளி என்று கொள்வோம். அவற்றுள் ஒன்று 0.1 மில்லிமீட்டர், ஒரு தாளின் தடிமன் அளவே, விலகினால் 100 மீட்டர் தொலைவில் குறி 100 மில்லிமீட்டர் தள்ளிப்போகும்.

இதை நன்கறிந்தே, இரண்டாம் உலகப் போரில் நான்காம் எண் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளுள் துல்லியமாகச் சுட்டவற்றைத் தனியே தெரிந்தெடுத்தனர். லண்டனின் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் அவற்றின் இடப்பக்கத்தில் இரு எஃகுத் தாங்கிகளைத் திருகிப் பதித்து, அவற்றின் மேல் பிராக்கெட்டை அமர்த்தி, மூன்று மடங்கு பெரிதாக்கும் 32ஆம் எண் தொலைநோக்கியைப் பொருத்தியது. கன்னம் ஒரே இடத்தில் பதியவும் கண் ஒரே உயரத்தில் நிற்கவும், கட்டையில் ஒரு மரத்துண்டும் சேர்க்கப்பட்டது. பின் அந்தத் துப்பாக்கியின் எண்ணையே பிராக்கெட்டிலும் பொறித்தனர். ஒன்றுக்கெனப் பொருத்திச் சரிபார்த்தது மற்றொன்றுக்கு ஆகாது என்பதே அந்த எண் சொல்லும் செய்தி.

எனவே தெரிவு செய்வோர் பெரிதாக்கும் ஆற்றலை மட்டும் பார்ப்பதில்லை. உருவம் பெரிதாகப் பெரிதாகக் காட்சியின் பரப்பு சுருங்கும். கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். சுடும்போது பின்னுதைப்பு கண்ணைத் தாக்காத தொலைவு வேண்டும். குறுக்குக் கோடு சாயாமல் நிற்க வேண்டும். திருகுகளை ஒருபுறமாக இறுக்காமல் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் சுட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும்.

துப்பாக்கி நம் வீடுகளில் இருக்கும் பொருளன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி அதைத் தொடவிடாது. அவ்வாறு இருப்பதே நலம். அப்படியாயின் இந்த வரலாறு நமக்கு எதற்கு? அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் எண்ணூர்த் தொழிற்கூடங்களிலும் மோட்டாரின் அச்சையும் பம்பின் அச்சையும் ஒரே கோட்டில் நிறுத்தும் ஃபிட்டர்கள் செய்வது இதே வேலை. அங்கும் ஒரு மில்லிமீட்டரின் பின்னம்தான் கணக்கு. ஆயினும் மகனை ஐ.டி.ஐ.யில் சேர்க்க நேரும்போது நம்முள் பலர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம்; பெண் கேட்கும் இடத்தில் அதை மறைக்கிறோம். நகைக்கடைப் பணியாளர் ஒருவரின் விரல்களை மதித்தறிய அன்று வெளியூர் அதிகாரி ஒருவர் வரவேண்டியிருந்தது. இன்று நம் வீட்டு விரல்களை நாமே மதிக்கலாகாதா?

மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காட்டுப் பள்ளிவாசல் ஒன்றில் நிழற்கடிகாரம் இருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நிழல் தானாக நேரம் சொல்வதில்லை. வடக்கும் தெற்கும் பிசகாமல், மட்டம் சாயாமல் அதை நிறுத்திய ஒரு கை இருந்தது என்று சொல்லிக் கொடுங்கள். அந்தக் கையின் பெயர் தெரியாவிட்டாலும், அதற்காக ஒரு துஆ செய்து திரும்புவோம்.