நடுங்கும் குருளைகள்: ஒரு நோயின் வரலாறு

ஈன்ற தாய்ப்பன்றி ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. அதன் குருளைகள் மடியை நாடித் தள்ளாடி வருகின்றன. தலை ஆடுகிறது, முதுகும் கால்களும் குலுங்குகின்றன, காம்பைக் கவ்விய வாய் உடனே நழுவிவிடுகிறது. உறங்கினால் நடுக்கம் அடங்கும். தொட்டு எழுப்பினாலோ குளிர் பட்டாலோ மீண்டும் தொடங்கும். (பன்றியின் இளமைக்குக் குருளை என்னும் பெயரைத் தொல்காப்பிய மரபியல் உரிமையாக்கியிருப்பதை ஆசிரியர்கள் அறிவர். பேச்சு வழக்கில் குட்டி என்பதும் இழுக்கன்று.) பால் குடிக்க இயலாத குருளைகள் நோயால் மடிவதைவிடப் பசியால் மடிவதே மிகுதி. குடித்துப் பிழைத்தவற்றுக்குச் சில வாரங்களில் நடுக்கம் குறைந்துவிடும்.

இந்நோயைப் பற்றிய முதற் குறிப்பு 1854ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் வெளிவந்தது. அமெரிக்காவில் 1922ஆம் ஆண்டில் அதனை எழுதி வைத்தனர். ஆங்கிலம் பேசும் பண்ணையாளர் ‘ஆடும் பன்றிகள்’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர். இழப்புக்கு உள்ளானவனுக்கு அது வேடிக்கையன்று. ஓர் ஈற்றுக் குருளைகள் முழுவதும் நடுங்கினால், தாயை 114 நாள் சினையோடு காத்த உழைப்பு வீணாயிற்று என்றே பொருள்.

பழி யார்மேல் விழுந்தது? பெரும்பாலும் கிடாப்பன்றியின் மேல். புதிய கிடா ஒன்று பண்ணைக்கு வந்த பின்னர்ப் பிறந்த குருளைகள் நடுங்கினால், ‘இரத்தம் கெட்டது’ என்று முடிவு கட்டி அதன் வழியையே விலக்கிவிடுவது வழக்கம். இதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. லாண்ட்ரேஸ் என்னும் இனத்தில் ஆண் குருளைகளுக்கு மட்டும் வரும் நடுக்கம் ஒன்று உண்டு. அது தாய்வழிப் பரம்பரையாக இறங்குவது. சாடில்பேக் இனத்திலும் பரம்பரை நடுக்கம் வேறொன்று உண்டு. ஆனால் பல பண்ணைகளில் கண்டது இதற்கு மாறானது. முதல் ஈற்றில் நடுங்கும் குருளைகளை ஈன்ற அதே தாய், அடுத்த ஈற்றில் நலமுள்ள குருளைகளை ஈன்றது. பரம்பரைக் குறைபாடு இப்படி ஓர் ஈற்றில் தோன்றி மறு ஈற்றில் அறவே மறையுமா?

இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் டன், ஹார்டிங் என்னும் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ அறிஞர்கள். 1967ஆம் ஆண்டில் அவர்கள் நடுக்கத்தை இரு பெரும் பிரிவாக வகுத்தனர். மூளையிலும் முதுகுத் தண்டிலும் மாறுதல் காணப்படுவது முதற்பிரிவு; எதுவும் காணப்படாதது இரண்டாம் பிரிவு. முதற்பிரிவு பின்னர் ஐந்து வகைகளாக விரிந்தது. பன்றிக் காய்ச்சல் வைரஸ் கருவைத் தாக்குவதால் வருவது ஒன்று. மேற்கூறிய பரம்பரை வகைகள் இரண்டு. சினைப்பன்றிக்கு டிரைகுளோர்ஃபான் என்னும் பூச்சி மருந்து தருவதால் வருவது ஒன்று. எஞ்சிய வகைக்குக் காரணம், ‘இன்னதென்று தெரியாத ஒரு வைரஸ்’.

இந்த ஐந்தாவது வகையே பண்ணைகளில் மிகுதியாகக் காணப்பட்டது. நரம்பிழைகளின் மேல் உறைபோல் படிய வேண்டிய மையலின் என்னும் கொழுப்புப் பொருள் இக்குருளைகளுக்குப் போதிய அளவு இல்லை. மின்கம்பியின் மேலுறை குறைந்தால் நேரும் கேடு போன்றது இது. உறை காலப்போக்கில் படியப் படிய, நடுக்கமும் தணிகிறது. நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுவதும் தெரிந்திருந்தது. ஆயினும் கிருமி மட்டும் அகப்படவில்லை. இருக்கையைப் போட்டு வைத்து, வருவார் யார் என்று அறியாமல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தது மருத்துவ உலகம்.

குறிப்பு ஒன்று அருகிலேயே கிடந்தது. இங்கிலாந்து வேல்ஸ் எல்லைப் புறத்தில் நடுங்கிப் பிறக்கும் மயிரடர்ந்த ஆட்டுக்குட்டிகளைப் பற்றி 1959ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அதற்குக் காரணம் பெஸ்டிவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த கிருமி என்று பின்னர்த் தெளிந்தனர். பன்றிக் காய்ச்சல் வைரஸும் அக்குடும்பமே. ஆனால் தேடலோ வேறு வழியில் சென்றது. பெர்லினில் 1974ஆம் ஆண்டில் பன்றிச் சிறுநீரக உயிரணு வளர்ப்பொன்றில் கண்ட சர்க்கோவைரஸ் என்னும் நுண்கிருமியின் மேல் 1990களில் ஐயம் விழுந்தது. நடுங்கும் குருளைகளின் உடலில் அது இருந்தது உண்மை. நடுங்காதவற்றின் உடலிலும் இருந்ததே! நோயுற்ற உடலில் ஒரு கிருமியைக் கண்டதனாலேயே அதனைக் குற்றவாளியாக்க இயலாது. பிற ஆய்வுகள் அத்தொடர்பை உறுதிப்படுத்தவில்லை.

2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வேறொரு நோய்க்காக அனுப்பப்பட்ட பன்றிக் குருதி மாதிரிகளில் இருந்த மரபுப் பொருள் முழுவதையும் படித்தபோது, முன்பு அறியாத ஒரு பெஸ்டிவைரஸ் தென்பட்டது. உயிரணு வளர்ப்பில் இக்கிருமி எளிதில் வளர்வதில்லை. வளர்த்துக் காணும் பழைய முறைக்கு அது அகப்படாததன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மறு ஆண்டே அயோவாவில் சினைப்பன்றிகளுக்கு இக்கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். பிறந்த குருளைகள் நடுங்கின. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் நடைபெற்ற ஆய்வுகள் இம்முடிவோடு ஒத்தன. 1967ஆம் ஆண்டில் ஒதுக்கிய இருக்கைக்கு உரியவன் வந்து சேர்ந்தான்.

கிடாவின் மேல் சாட்டிய பழியும் இப்போது வேறு உருவம் பெற்றது. பிழைத்த குருளைகளில் சில, நலமாகத் தோன்றினும் கிருமியை நெடுங்காலம் சுமக்கும். கிடாவின் விந்திலும் அது கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே புதிய கிடாவோடு நோயும் வந்தது என்று பண்ணையாளன் கண்டது பிழையன்று. இரத்தம் கெட்டது என்று அதற்குக் கற்பித்த காரணமே பிழை. முதல் ஈற்றுப் பன்றிகளிடம் நோய் மிகுவதும், முன்பே தொற்றி எதிர்ப்பாற்றல் பெற்ற தாய் அடுத்த ஈற்றில் தப்புவதும் இதனால் விளங்கும்.

பின்னர்ப் பழைய சேமிப்புகளைப் புரட்டினர். ஸ்பெயினில் 1997ஆம் ஆண்டின் மாதிரிகளிலும், சுவிட்சர்லாந்தில் 1986ஆம் ஆண்டிலேயே உறைய வைத்த குருதியிலும் அக்கிருமி இருந்தது. 1854ஆம் ஆண்டின் ஜெர்மானியக் குருளைகளிலிருந்து அப்படி எடுத்து வைத்த துளி ஏதும் இல்லை. எழுத்து மட்டும் எஞ்சியிருக்கிறது.