எஸ்எம்பி நெறிமுறை

எஸ்எம்பி எனப்படும் சர்வர் மெசேஜ் பிளாக், ஒரே வலையமைப்பிலுள்ள கணினிகள் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்ந்துகொள்ள உதவும் தகவல்தொடர்பு நெறிமுறை. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கிய இதனை மைக்ரோசாஃப்ட் விரிவாக்கியது.

பதிப்புகள்: விண்டோஸ் எக்ஸ்பி முதல் பதிப்பை மட்டுமே ஏற்கும். இரண்டாம் பதிப்பு விஸ்டாவுடனும், மூன்றாம் பதிப்பு 2012இல் விண்டோஸ் 8 உடனும் வந்தன.

செயல்பாடு: இணைப்பின் தொடக்கத்தில் இரு கணினிகளும் தாம் ஏற்கும் பதிப்புகளுள் பொதுவான உயர்ந்த பதிப்பைத் தேர்கின்றன. தரவு வழக்கமாக டிசிபி 445ஆம் போர்ட் வழியே செல்லும்.

பாதுகாப்பு: விண்டோஸில் முதல் பதிப்பு செயல்படுத்தப்பட்ட முறையிலிருந்த குறைபாட்டின் வழியே 2017 மே மாதம் வான்னாக்ரை தீநிரல் பரவியது. அவ்வாண்டு அக்டோபர் முதல் விண்டோஸ் 10இலிருந்து அப்பதிப்பு படிப்படியாக விலக்கப்பட்டது. எனவே எக்ஸ்பி கணினிக்கும் புதிய கணினிக்கும் பொதுப் பதிப்பு இல்லாதபோது பகிர்வு நிகழாது. வலையமைப்பில் நேரடியாக இணையும் அச்சுப்பொறிகளை எஸ்எம்பி இன்றியும் இரண்டும் பயன்படுத்தலாம்.

பிற இயங்குதளங்கள்: ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் தொடங்கிய சாம்பா மென்பொருள், லினக்ஸ் கணினிகளிலும் இந்நெறிமுறையைச் செயல்படுத்துகிறது.