பத்தொன்பது டாலருக்கு ஒரு கண்

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மான் வேட்டை சீசன் தொடங்க இன்னும் பத்தே நாள். கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாகக் கறுப்புக் குழல்கள். ஸ்கோப்! துப்பாக்கியின் முதுகில் மாட்டிக்கொண்டு, தூரத்தில் நிற்கும் மானைக் கிட்டத்தில் பார்க்க உதவும் குட்டி டெலஸ்கோப். இந்த மூலையில் இருப்பது நூறு டாலருக்குள். அந்த மூலையில் இருப்பது மூவாயிரம் டாலர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதே குழல், அதே கறுப்பு, உள்ளே அதே குறுக்குக் கோடு.

எதை வாங்குவீர்கள்?

நம் ஊரில் இந்தத் தலைவலி யாருக்கும் கிடையாது. 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991ல் அதில் செய்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அமெரிக்காவில் அப்படி இல்லை. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, அரசு சொன்ன தேதியில், அரசு சொன்ன எண்ணிக்கையில் சுடலாம். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் போகிறார்கள். பெரும்பாலும் சாதாரண ஆட்கள். மெக்கானிக், வாத்தியார், விவசாயி. சுட்ட மான் ஃப்ரீசருக்குள் போய்க் குளிர்காலம் முழுக்கச் சாப்பாடாகும்.

இவர்கள் தப்பான ஸ்கோப்பை வாங்கிவிட்டால் நஷ்டம் காசோடு போவதில்லை. குறி நாலைந்து அங்குலம் தள்ளினால் தோட்டா இதயத்தை விட்டு வயிற்றில் பாயும். மான் விழாது. ஓடும். எங்கேயோ ஒரு புதருக்குள் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். சுட்டவனுக்கு இறைச்சியும் இல்லை, நிம்மதியும் இல்லை. ஆகவே, 'கட்டுப்படியாகிற விலையில் நம்பகமான ஸ்கோப் எது?' என்பது அவர்களுக்கு விளையாட்டுக் கேள்வி அல்ல. இதற்குப் பதில் தேட, கடைக்காரரைவிடச் சரித்திரம் அதிகம் உதவும்.

டெலஸ்கோப் வந்தது 1608ல். ஆனால் அதைத் துப்பாக்கி மேல் உருப்படியாக உட்கார வைக்க இருநூறு வருடங்களுக்கு மேல் ஆனது. காரணம் சிம்பிள். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். ஒவ்வோர் உதைக்கும் உள்ளே இருக்கும் லென்ஸ் ஆடும். லென்ஸ் ஆடினால் குறி போச்சு!

1855ல் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் சிராக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் என்பவர் ஸ்கோப் செய்து விற்க ஆரம்பித்தார். நல்ல லென்ஸ்கள், வண்ணச் சிதறல் இல்லாத பிம்பம், குறியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தத் திருகுகள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தன. 1870களில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால் கிட்டத்தட்ட துப்பாக்கிக் குழல் அளவுக்கு நீளம். உள்ளே பார்த்தால் சாவித் துவாரம் வழியாகத் தெருவைப் பார்க்கிற மாதிரி துளியூண்டு காட்சி. மேயும் எருமைக்குச் சரி. ஓடும் மானுக்கு? ம்ஹூம்.

அடுத்த பாய்ச்சல் ஜெர்மனியில். அங்கே கண்ணாடித் தொழில் கொடிகட்டிப் பறந்தது. ஜெய்ஸ், ஹென்சால்ட், கோயர்ஸ் என்று பெரிய பெயர்கள். காட்டுக்குப் போகும் கனவான்களின் துப்பாக்கிகளில் குட்டையான, பளிச்சென்று காட்டுகிற ஸ்கோப்புகள் ஏறின. முதல் உலகப் போர் தொடங்கியபோது ஜெர்மன் ராணுவம் என்ன செய்தது தெரியுமா? வேட்டைக்காரர்களின் வீட்டுச் சுவர்களில் தொங்கிய ஸ்கோப் வைத்த துப்பாக்கிகளைத் திரட்டி அப்படியே பதுங்குகுழிகளுக்கு அனுப்பியது. எதிரே நின்ற பிரிட்டிஷ்காரர்களிடம் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே தெரியாமல் சிப்பாய்கள் விழுந்தார்கள். ஒரு நாட்டின் பொழுதுபோக்கு, போர்க்களத்தில் ஆயுதமாக மாறிய கதை அது.

சரி, போர் முடிந்தது. அமெரிக்க வேட்டைக்காரனுக்கும் அந்த ஜெர்மன் ஸ்கோப் மேல் ஆசை. ஆனால் விலை? கப்பல் ஏறி வந்த சரக்கு, பணக்காரர்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியானது. மற்றவர்கள் குழலின் நுனியில் இருந்த சின்ன உலோக முனையையே நம்பிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் நம் ஹீரோ வருகிறார். பில் வீவர். கென்டக்கி மாநிலத்துக்காரர். 1930ல் அவருக்கு வயது 24தான். அது என்ன வருடம் என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து, பாங்குகள் திவாலாக ஆரம்பித்திருந்த நேரம். இருக்கிற வேலையே எப்போது போகும் என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுத் தொழில் தொடங்க இதைவிட மோசமான முகூர்த்தம் கிடைக்காது.

பையன் தொடங்கினார். மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு ஸ்கோப். பெயர் மாடல் 330. துப்பாக்கியில் பொருத்தும் மௌண்ட்டோடு சேர்த்து விலை 19 டாலர்.

அப்போது அமெரிக்கத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் வாரச் சம்பளம் இருபது டாலர் சொச்சம். அதாவது ஒரு வாரக் கூலிக்குள் ஒரு ஸ்கோப்! ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கணக்கு. 1936ல் வின்செஸ்டர் கம்பெனியின் மாடல் 70 ரைஃபிள் வந்தபோது அதன் விலை 61 டாலர் சொச்சம். துப்பாக்கி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கண் கிடைத்தது.

எப்படி முடிந்தது? காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வீவர் தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்கவில்லை. வேண்டாததை விட்டுவிட்டார். முக்கால் அங்குல எஃகுக் குழல், போதும். மூன்று மடங்கு, போதும். பத்து மடங்கு பெரிதாகக் காட்ட வேண்டும் என்கிற வீம்பெல்லாம் இல்லை. மான் நிற்பது பெரும்பாலும் நூறு கெஜத்துக்குச் சற்று முன்னே பின்னே. அந்த தூரத்துக்கு என்ன வேண்டுமோ அது மட்டும். நல்ல லென்ஸ், ஆடாத குறுக்குக் கோடு, குறியைச் சரிசெய்யத் திருகு. முடிந்தது.

1933ல் டெக்ஸாஸ் மாநிலத்து எல் பாசோ நகருக்குக் கடையை மாற்றினார். அந்த வருடம் அமெரிக்காவில் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. அப்போதும் வீவர் ஸ்கோப் விற்றது. தோட்டாவை வீணாக்க வசதி இல்லாதவனுக்குத்தானே குறி தப்பாத கண் அவசியம்?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு அவசரமாக ஸ்நைப்பர் துப்பாக்கிகள் தேவைப்பட்டன. ஆர அமர வடிவமைக்க நேரமில்லை. வீவரின் வேட்டை ஸ்கோப்பையே எடுத்துப் புதுப்பெயர் சூட்டி, சுமார் 28 ஆயிரம் ஸ்ப்ரிங்ஃபீல்டு துப்பாக்கிகளுக்காக ஏற்றுக்கொண்டார்கள். மளிகைக் கடைச் சாமானை ராணுவ கேன்டீனுக்கு அனுப்பிய மாதிரி. ஆனால் போர்க்களம் ஒரு குறையைக் காட்டிக்கொடுத்தது. ஈரம்! மழையிலும் சேற்றிலும் நாள் கணக்கில் கிடந்தால் குழலுக்குள் ஈரக்காற்று புகுந்து, லென்ஸின் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி மங்கிவிடும். வெளியே துடைக்கலாம். உள்ளே எப்படித் துடைப்பது?

இதே பிரச்னை ஓரிகன் மாநிலத்துக் காட்டில் இன்னொருவருக்கும் வந்தது. மார்க்கஸ் லூபோல்ட். அவர் குடும்பம் 1907 முதல் போர்ட்லேண்டில் சர்வே கருவிகள் பழுது பார்த்தும் செய்தும் பிழைத்துவந்தது. ஒரு நாள் மான் எதிரே நிற்க, ஸ்கோப் உள்ளுக்குள் மங்கிப்போய்க் குறி தப்பிவிட்டது. இதைவிட நல்லதாக என்னால் செய்ய முடியும் என்று கறுவிக்கொண்டு திரும்பினார் என்பது அந்தக் கம்பெனி சொல்லும் கதை. 1947ல் லூபோல்டின் முதல் ஸ்கோப் வந்தது. பிறகு குழலுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி, ஈரமில்லாத நைட்ரஜனை நிரப்பி மூடினார்கள். உள்ளே ஈரமே இல்லையென்றால் எது மங்கும்? அவ்வளவுதான். இன்றைக்கு மலிவான ஸ்கோப்பின் அட்டைப்பெட்டியில்கூட நைட்ரஜன் என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம்.

இன்னொரு சங்கதி வெளிச்சம். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். ஒரு ஸ்கோப்பில் பத்துப் பரப்பு என்றால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் அம்பேல். ஜெய்ஸ் கம்பெனியின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935ல் இதற்கு மருந்து கண்டுபிடித்தார். லென்ஸ் மேல் மெல்லிய ரசாயனப் பூச்சு. போருக்குப் பிறகு அதுவும் எல்லோர் கைக்கும் வந்தது. மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த அரையிருட்டில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் என்பது சாதாரணமில்லை.

ஆக, 1940களின் இறுதியில் எல்லாம் கூடிவந்துவிட்டது. நல்ல விலை, நல்ல லென்ஸ், மங்காத குழல். வீவர் 1947ல் கொண்டுவந்த கே4, நாலு மடங்கு ஸ்கோப், அமெரிக்க வேட்டைக்காரர்களின் செல்லமாகிவிட்டது. கதை சுபம்?

இல்லை. ஜப்பான் பாக்கி இருக்கிறது.

போரில் தோற்ற ஜப்பானிடம் ராணுவத்துக்காக லென்ஸ் செய்து பழகிய கைகள் இருந்தன, வேலை இல்லை. கூலியும் குறைவு. அமெரிக்க வியாபாரிகள் வாசனை பிடித்தார்கள். டேவிட் புஷ்னெல் 1948லேயே ஜப்பானிய பைனாகுலர்களை இறக்குமதி செய்ய ஆரம்பித்தார். 1954ல் மயாமியில் பிறந்த டாஸ்கோவும் அதே வழியில் வந்தது. பின்னாலேயே ஸ்கோப்புகள். விலை கணிசமாகக் குறைவு. போதாததற்கு ஜூம் வேறு. மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை திருகிக்கொள்ளலாம். வாங்குகிறவர் என்ன நினைப்பார்? நாலு பெரிதா, ஒன்பது பெரிதா?

ஒன்பதுதான் விற்றது.

வீவர் 1968ல் தன் கம்பெனியை ஓலின் நிறுவனத்திடம் விற்றார். 1975ல் காலமானார். 1980களில் எல் பாசோ தொழிற்சாலை மூடப்பட்டது. மலிவு விலையால் ஜெயித்த கம்பெனியை அதைவிட மலிவு விலை ஜெயித்தது. பெயர் மட்டும் கை மாறிக் கை மாறி ஜீவித்தது. சக்கரம் அங்கேயும் நிற்கவில்லை. உற்பத்தி பிற்பாடு பிலிப்பைன்ஸுக்கும் சீனாவுக்கும் நகர்ந்தது. டாஸ்கோவும் 2002ல் கடையைக் கட்டி, பிராண்டை புஷ்னெல்லிடம் கொடுத்துவிட்டது.

இப்போது அந்த அலமாரிக்குத் திரும்பலாம். சரித்திரம் நமக்கு என்ன சொல்கிறது?

முதலில், பெட்டி மேல் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. முன் லென்ஸின் மில்லிமீட்டர் அளவை மடங்கால் வகுங்கள். 32 மில்லிமீட்டர், நாலு மடங்கு என்றால் 8. உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இருட்டில் வாலிபக் கண்மணி விரிவதே 7 மில்லிமீட்டர்வரைதான். ஆக, தாராளம். இன்னொரு ஸ்கோப், 40 மில்லிமீட்டர், ஒன்பது மடங்கு. வகுத்தால் நாலரைகூட இல்லை. அந்தியில் மான் பெரிதாகத் தெரியும், மங்கலாக! காட்சிப் பரப்பும் சுருங்கும். நாலு மடங்கில் நூறு மீட்டருக்கு அப்பால் சுமார் பத்து மீட்டர் அகலம் தெரியும். ஒன்பதில் அதில் பாதிகூடத் தெரியாது. இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது 3-9 ஜூம்தான். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் காட்டில் நடக்கும்போது மூன்றிலேயே வைத்திருங்கள் என்பார்கள் அனுபவஸ்தர்கள்.

இரண்டாவது, கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே மூன்றரை, நாலு அங்குல இடைவெளி விட்டுப் பார்க்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

மூன்றாவது, காசை எல்லாம் ஸ்கோப்பிலேயே கொட்டிவிட்டு மௌண்ட்டில் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. மூவாயிரம் டாலர் ஸ்கோப்பும் ஆடுகிற மௌண்ட்டில் மால்கமுக்கு முந்தைய காலத்துக்குப் போய்விடும். வீவர் 19 டாலரில் மௌண்ட்டையும் சேர்த்தே கொடுத்தது சும்மா இல்லை. அவர் பெயர் இன்றைக்கும் அதிகம் புழங்குவது 'வீவர் பேஸ்' என்ற மௌண்ட் அடிக்கட்டையில்தான்.

மிச்சம் பிடித்த காசுக்குத் தோட்டா வாங்கிச் சீசனுக்கு முன்னால் சுடுமைதானத்துக்குப் போகச் சொல்கிறார்கள். நூறு கெஜத்தில் சுட்டு, திருகி, மறுபடி சுட்டு, குறி ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் அது நல்ல ஸ்கோப், விலை எதுவானாலும். நிற்காவிட்டால் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காட்டுக்கு எடுத்துப்போன பிறகு தெரிந்தால், அந்தக் குறையின் விலையை மான்தான் கொடுக்கும்.