பிடிவாதமான உண்மைகள்: ஒரு தொடரின் வரலாறு

'உண்மைகள் பிடிவாதமானவை' என்னும் பொருள்படும் தொடரொன்று ஆங்கிலத்திற் பெருவழக்காயுள்ளது. மனிதர் விரும்பினும் வெறுப்பினும் நடந்தது நடந்ததாகவே நிற்கும் என்பது அதன் கருத்தாகும். உண்மையைக் குறிக்கும் 'ஃபக்ற்' எனும் ஆங்கிலச் சொல், 'செய்யப்பட்டது' எனப் பொருள்தரும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. முற்காலத்தில் அது செயலை, சிறப்பாகக் குற்றச்செயலைக் குறித்தது. எனவே இத்தொடர் நீதிமன்றமொன்றிற் புகழ்பெற்றமை பொருத்தமானதே.

1770 ஆம் ஆண்டு மார்ச் 5 ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, சுங்க மனைக்கு முன் நின்ற பிரித்தானியக் காவற்படையினரை மக்கள் சூழ்ந்துகொண்டனர். வசைமொழிகளோடு பனிக்கட்டிகளும் தடிகளும் பறந்தன. படையினர் சுட்டனர், ஐவர் மாண்டனர். சில வாரங்களுள் போல் றெவியர் வெளியிட்ட செதுக்கோவியம், படையினர் அணிவகுத்து நின்று தலைவனின் ஆணைப்படி சுடுவதாகக் காட்டிற்று. மக்களின் சினம் மூண்டது.

இந்நிலையிற் படையினருக்காக வாதாட முன்வந்தவர் சட்டத்தரணி ஜோன் அடம்ஸ். அவர் பிரித்தானியரின் வரிக்கொள்கையை எதிர்த்தவர். எனினும் எக்குற்றவாளிக்கும் நீதியான விசாரணை வேண்டுமெனக் கருதியவர். ஒக்ரோபரிற் கப்டன் தோமஸ் பிரெஸ்ரன் விடுதலையானார். அடுத்து எண்மர் விசாரிக்கப்பட்டனர். குண்டடிபட்டு ஒன்பது நாட்களின்பின் இறந்த பற்றிக் கார், படையினர் தற்காப்புக்காகவே சுட்டனரெனத் தம் மருத்துவரிடம் கூறியமையும் மன்றிற் சான்றாயிற்று. டிசெம்பரில் யூரர்முன் பேசிய அடம்ஸ், நம் விருப்பங்களோ உணர்ச்சிகளோ உண்மைகளின் நிலையையும் சான்றுகளையும் மாற்றமாட்டா என வற்புறுத்தினார். அறுவர் விடுதலை பெற்றனர்; இருவர், கொலையன்றி அதனிற் குறைந்த மனிதக்கொலைக் குற்றத்திற்காகப் பெருவிரலிற் சூடிடப்பட்டனர்.

இத்தொடரை அடம்ஸ் தோற்றுவித்தாரல்லர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் முன்னரே, லெசாஜின் 'ஜில் பிளாஸ்' என்னும் பிரெஞ்சு நாவலுக்குச் சுமொலெற் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது காணப்படுகின்றது. அதற்கு வரலாற்றுப் பெருமையளித்தது பொஸ்ரன் வழக்கேயாம்.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. உண்மைகளைப் போற்றிய அதே உரையில், கூடிநின்ற கறுப்பினத்தவரையும் ஐரிசு மக்களையும் அடம்ஸ் இழிவுபடப் பேசினார். யூரரின் முற்சார்பும் அவருக்குத் துணையாயிற்று. உண்மைகள் பிடிவாதமானவையாயினும் தாமாகப் பேசுவதில்லை. அவற்றை எடுத்துரைப்போரின் சார்புகளும் உடன்வருகின்றன. றெவியரின் ஓவியத்தைச் சான்றுகளோடு ஒப்பிட்டு நோக்குதல் போன்றே, அடம்ஸின் உரையையும் ஆராய்ந்து நோக்குதல் வரலாற்று மாணவரின் கடனாகும். தம் பக்கத்தவரின் சினத்துக்கு எதிராகவும் சான்றை முன்வைத்த துணிவே இத்தொடருக்கு உயிரளித்தது எனலாம்.